ஆலைச் சங்கு ஓய்ந்த பின்னர்

 

கோவை கரும்புக்கடைப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் பல நாட்களாக என் மேசையில் இருக்கிறது. அவருடைய கணவர் நூற்பாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றியவர். வயது நாற்பத்தாறு. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மகன் பத்தாம் வகுப்பு. ஒருநாள் ஆலை நின்றுவிட்டது. அந்தச் செய்தியை அவர் வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல் காலையில் பஜ்ரு தொழுதுவிட்டு, சாப்பாட்டு அடுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுவார். மாலையில் திரும்புவார். இப்படியே மூன்று வாரங்கள் சென்றன. பகற்பொழுதையெல்லாம் உக்கடம் பெரியகுளத்தின் கரையில் அமர்ந்து கழித்திருக்கிறார் என்பது பின்னரே தெரிந்தது.

எப்படித் தெரிந்தது? அச்சகோதரியே எழுதுகிறார்: "அவருடைய சட்டையைத் துவைக்கு முன் உதறினால் பஞ்சுத் துகள் பறக்கும். இருபத்திரண்டு வருடமாக அதைத் திட்டிக்கொண்டேதான் துவைத்தேன். மூன்று வாரமாகச் சட்டையில் பஞ்சு இல்லை. முதல் வாரம் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் வாரம் சந்தேகப்பட்டேன். மூன்றாம் வாரம் உதறிய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் உடைந்து போவார். கேட்காவிட்டால் வீடே உடைந்து போகும்."

இக்கடிதத்தைப் படித்தபோது, வேலை போனது இவ்வீட்டின் இரண்டாவது துன்பமே என்று எனக்குத் தோன்றியது. முதல் துன்பம், ஒரே கூரையின் கீழ் வாழும் இருவர், ஒருவர் மனத்தை ஒருவர் காக்க வேண்டும் என்று எண்ணி, ஒருவருக்கொருவர் அந்நியராகிவிட்டதாகும். தம் ஊதியமே தம் மதிப்பு என்று நம் ஆண்களுள் பலர் எண்ணிவிட்டனர். ஊதியம் நின்றதும் வீட்டில் தமக்கு இடமில்லை என்று அஞ்சுகின்றனர்.

கோவை நகரத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் இவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை. தொழிலை மாற்றி மாற்றியே வாழ்ந்த ஊர் அது. 1888-இல் ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியால் முதல் பஞ்சாலை அங்கே தோன்றியது. 1932-இல் பைக்காரா நீர்மின் திட்டம் மின்சாரம் தரத் தொடங்கியதும் ஆலைகள் பெருகின. உழவை விட்டு ஆலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், ஆலை இயந்திரங்களைப் பழுது பார்க்கப் பட்டறைகள் வைத்தனர். 1937-இல் ஜி.டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் அவர்களும் இந்தியாவிலேயே மின்மோட்டார் உருவாக்கிக் காட்டினர். அதன் வழியே கிணற்றுப் பம்புகளும், வார்ப்படச் சாலைகளும் வந்தன. நம் வீட்டு ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டிய கிரைண்டரும் அவ்வூர்க் கைவண்ணமே. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நிறுவப்பட்டபின், வெளிநாட்டு இயந்திரத்தில் நூல் நூற்ற ஊர், நூற்கும் இயந்திரத்தையே செய்து விற்கும் ஊராயிற்று.

இந்த வளர்ச்சிக்கிடையே வீழ்ச்சியும் இருந்தது. நலிந்த ஆலைகளை அரசு ஏற்று, 1974-இல் நாட்டுடைமையாக்கி, தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அக்கழகத்தின் கோவை ஆலைகள் 2020 மார்ச் மாத ஊரடங்கில் நின்றன. அவற்றைத் திறக்கக் கோரித் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். ஆலைச் சங்கின் ஒலியைக் கேட்டு அடுப்பு மூட்டிய தாய்மார்கள் கோவையில் இன்றும் உள்ளனர். அச்சங்குகளுள் பல ஓய்ந்துவிட்டன. மூடிய ஆலைகள் இருந்த இடங்கள் சிலவற்றில் அடுக்குமாடி வீடுகளும் வணிக வளாகங்களும் எழுந்துள்ளன.

நம் சமுதாயம் அந்நகரில் மற்றோர் அடியையும் தாங்கியது. 1997 நவம்பர் இறுதியில் ஒரு காவலர் கொல்லப்பட்டதும், தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்ததும், 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டதும் எவரும் மறக்கக்கூடியவை அல்ல. மாண்டவர் எச்சமயத்தவராயினும் அவர்களுடைய வீடுகளில் அடுப்பு அணைந்தது. கடைகள் சூறையாடப்பட்டு முதலை இழந்த வணிகர்கள், தலைமுறையாகச் செய்த வியாபாரத்தை விட்டு வேறு பிழைப்பைத் தேடினர். தள்ளுவண்டியில் மீண்டும் தொடங்கியவர்களும் உண்டு. கடல் கடந்து சென்றவர்களும் உண்டு. கோட்டைமேட்டு முதியவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். தொழில் மாற்றம் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த பாடம் அன்று.

இன்று அந்நகரம் மீண்டும் தழைக்கிறது. 2010-இல் டைடல் பூங்கா திறக்கப்பட்டது; கணினி நிறுவனங்கள் வந்தன. மருத்துவமனைகளும் கல்லூரிகளும் பெருகின. 2024-இல் உக்கடம் மேம்பாலமும், 2025-இல் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரால் பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலமும் திறக்கப்பட்டன. ஆயினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. ஊர் உயர்வதனால் மட்டும் ஊரில் உள்ள அனைவரும் உயர்ந்துவிடுவதில்லை. நாற்பத்தாறு வயது ஆலைத் தொழிலாளியைக் கணினி நிறுவனம் அழைக்கப் போவதில்லை. மேம்பாலம் அவருடைய வீட்டுக்கு மேலே போகிறது. அவருடைய வாசலில் நிற்பதில்லை.

அப்படியானால் அவரிடம் இருப்பது என்ன? அவருடைய கைகள் இருக்கின்றன. மோட்டார் ஓடும் ஓசையைக் கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்த காது இருக்கிறது. ஆலை நின்றதனால் இந்த அறிவு நின்றுவிடவில்லை. மருத்துவமனைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் பம்பு உண்டு, மின்தூக்கி உண்டு, ஜெனரேட்டர் உண்டு. அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டும். இழந்தது வேலையை; தொழிலை அன்று. இவ்வேறுபாட்டை முதலில் அவர் மனம் உணர வேண்டும்.

மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். மக்காவில் வணிகராக இருந்தவர், அனைத்தையும் விட்டு வெறுங்கையராய் வந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை ஸஅது இப்னு ரபீஉ (ரலி) என்னும் அன்ஸாரித் தோழருடன் சகோதரராக இணைத்தார்கள். ஸஅது தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மானோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார். அன்று பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று ஈட்டிய சிறு ஆதாயத்திலிருந்து மறுவாழ்வு தொடங்கியது. இதில் இருவருக்கும் பாடம் உண்டு. விழுந்தவர் சிறிய வேலைக்கு வெட்கப்படவில்லை. நிற்பவர், விழுந்தவரைப் பார்த்து முகம் திருப்பவில்லை. தாவூத் (அலை) அவர்கள் அரசராயிருந்தும், இரும்புக் கவசம் செய்து தம் கை உழைப்பால் உண்டார்கள் என்பதையும் நாம் அறிவோம். கை கறுப்பதில் இழிவு ஏது?

அச்சகோதரியின் மற்றொரு வினா: "நான் தையல் அறிவேன். திருப்பூரிலிருந்து துணி வாங்கி வந்து வீட்டிலேயே தைக்கலாம். அவர் வேண்டாம் என்கிறார். மார்க்கப்படி இது தவறா?"

தவறில்லை, சகோதரியே. குடும்பத்தைப் பராமரிக்கும் கடமை கணவருடையது. உங்கள் உழைப்பின் பயன் உங்களுக்கே உரியது. அதனை வீட்டுக்குச் செலவிட நீங்கள் கட்டாயப்படுத்தப்பட மாட்டீர்கள். ஆனால் மனமுவந்து கொடுத்தால் அதன் தரமே வேறு. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), தம் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று கேட்டனுப்பியபோது, உறவைப் பேணிய கூலி, தர்மத்தின் கூலி என இரண்டு கூலிகள் உண்டு என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். இதனை உங்கள் கணவரிடம் வாதமாக வைக்காதீர்கள். நல்ல செய்தியாகச் சொல்லுங்கள்.

இனி, வேலை இழந்த எந்த வீட்டுக்கும் பொருந்தும் சில நடைமுறைகளைக் கூறுகிறேன்.

முதலாவது, மஷ்வரா. பிள்ளைகள் உறங்கியபின் இருவரும் அமர்ந்து, ஒரு நோட்டில் வரவையும் செலவையும் கடனையும் எழுதுங்கள். தெரியாத கடனே பெரிதாகத் தோன்றும். எழுதிய கடன் அளவுக்குள் வந்துவிடும். கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நாம் எண்ணுவதைவிட உறுதியானவர்கள்.

இரண்டாவது, உரியதைக் கேட்டுப் பெறுங்கள். வருங்கால வைப்பு நிதி உங்கள் பணம். ஐந்தாண்டுகளுக்குமேல் பணியாற்றிய நிரந்தரத் தொழிலாளிக்கு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் வேலையிழந்தோருக்கான உதவியையும் கேட்டறியுங்கள். கூச்சத்தால் உரிமையை விட்டுவிடுவது பெருந்தன்மையாகாது.

மூன்றாவது, வட்டிக்கு வாங்காதீர்கள். அவசரத்தில் அடகு வைத்த நகை திரும்பி வராத கதை நம் தெருக்களில் எத்தனை! ஜமாஅத்தின் பைத்துல்மாலில் அழகிய கடன் கிடைக்குமா என்று பாருங்கள். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் கடனில் மூழ்கியோரும் உளர் என்பதை ஜமாஅத் நிர்வாகிகளும் நினைவில் கொள்ள வேண்டும். கேட்டு வருபவரின் பெயர் பள்ளிவாசலின் ஹவுளுக்கரையில் பேச்சாகாதபடி காப்பதும் அவர்களுடைய கடமை.

நான்காவது, வளைகுடாவுக்குப் போய்விடலாம் என்று அவசரப்பட்டு, வழியில் கண்ட முகவரிடம் பணம் கட்டாதீர்கள். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்தபின்னரே பேச்சு.

உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருமண வீட்டில், நால்வர் முன்னிலையில், "இப்போது எங்கே வேலை?" என்று கேட்காதீர்கள். கேட்கத்தான் வேண்டுமெனில், தனியே அழைத்து, ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போதே அச்சகோதரியின் இரண்டாம் கடிதம் வந்தது. ஓர் இரவு அவர் கணவரிடம் எதுவும் கேட்கவில்லையாம். மறுநாள் காலையில் சாப்பாட்டு அடுக்கில் இருவருக்கான உணவை வைத்து, "இன்று நானும் குளத்தங்கரைக்கு வருகிறேனுங்க" என்று மட்டும் சொன்னாராம். அவர் வாசலிலேயே அமர்ந்துவிட்டார். நெடுநேரம் கழித்துப் பேசத் தொடங்கியவர், லுஹர் பாங்கு கேட்கும்வரை பேசினாராம்.

இப்போது அவர் மோட்டார் வைண்டிங் கடையொன்றுக்குப் போகிறார். கடைக்காரர், ஆலையில் அவரிடம் தொழில் கற்ற இளைஞர். ஊதியம் முன்பு வாங்கியதில் பாதிக்குச் சற்று மேல். மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு தவணை இன்னும் நிலுவையில் இருக்கிறது. சகோதரியின் தையல் இயந்திரமும் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்கு எண்ணெய் விடுவது கணவரின் பொறுப்பாம்.

கடிதத்தின் இறுதியில் எழுதியிருக்கிறார்: "அவர் சட்டையில் இப்போது வார்னிஷ் கறை. பஞ்சைப் போல உதறினால் போகாது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. அல்ஹம்துலில்லாஹ்."

நானும் அவருடன் சேர்ந்து அவ்வாறே சொல்கிறேன். வேலை தேடி அலையும் ஒவ்வொரு தந்தைக்கும் வல்ல நாயன் ஹலாலான ரிஸ்க்கை விரிவாக்குவானாக! அவருக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பேச்சும் அன்பும் குறையாதிருக்க அருள்வானாக! ஆமீன்.