ஓட்டிசம்: அவர்களது குரலுக்கும் செவிசாய்ப்போம்

ஆண்டுதோறும் ஏப்ரல் 2 ஆம் திகதி உலக ஓட்டிச விழிப்புணர்வு தினமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது. 2007 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை நிறைவேற்றிய தீர்மானத்தின் பிரகாரம், 2008 முதல் இத்தினம் நினைவுகூரப்படுகின்றது. அன்றைய மேடைகளில் மருத்துவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் உரையாற்றுகின்றனர். ஆனால், எவர் பொருட்டு இத்தினம் பிரகடனப்படுத்தப்பட்டதோ அவர்களின் குரலை அங்கு கேட்பது அரிதாகவே உள்ளது.

இக்குறை புதியதன்று. 1993 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் நடைபெற்ற சர்வதேச மாநாட்டில், ஓட்டிசமுடையவரான ஜிம் சின்க்ளேயர் பெற்றோரை நோக்கி ஒரு கருத்தை முன்வைத்தார். பெற்றோரின் துயரம் அவர்கள் எதிர்பார்த்திருந்த பிள்ளை கிடைக்காமை பற்றியதே; கண்முன்னே வாழும் பிள்ளைக்குத் தேவை இரங்கலன்று, புரிந்துகொள்ளும் பெற்றோரே என்பதே அதன் சாரமாகும்.

ஓட்டிசமுடையவரான பிரித்தானிய சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012 இல் இதனை மேலும் தெளிவுபடுத்தினார். ஓட்டிசமுடையோர் பிறரைப் புரிந்துகொள்ளத் தவறுகின்றனர் என்பது பாதி உண்மையே. பிறரும் அவர்களைப் புரிந்துகொள்ளத் தவறுகின்றனர். எனவே இடைவெளி இருதரப்புக்கும் உரியது என அவர் வாதிட்டார். அவ்வாறாயின், அதனைக் கடக்கும் சுமையை ஒரு சிறுபிள்ளையின் தோளில் மாத்திரம் சுமத்துவது எவ்வகையில் நியாயமாகும்?

வகுப்பறை இரைச்சலில் காதுகளைப் பொத்திக்கொள்ளும் பிள்ளை கீழ்ப்படியாத பிள்ளையன்று. ஏனையோருக்குச் சாதாரணமான ஓசை அப்பிள்ளைக்கு வேதனையாக இருக்கலாம். கைகளை அசைப்பது பலருக்குத் தம்மை அமைதிப்படுத்தும் வழியாகும். முகம் பார்த்துப் பேசுமாறு வற்புறுத்தினால், சொல்வதைக் கேட்பதே அவர்களுக்குக் கடினமாகிவிடுகின்றது. இயல்பை மறைத்து ஏனையோரைப் போல் நடந்துகொள்வது தம்மைக் களைப்பிலும் மனச்சோர்விலும் ஆழ்த்துவதாக வளர்ந்தோர் பலர் கூறியுள்ளனர்.

பேச்சு வராதோர், வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு வேண்டுவோர் நிலை என்ன என்ற கேள்வி எழலாம். பேச்சின்மை கருத்தின்மையாகாது. படங்கள், எழுத்து, கணினி வாயிலாகத் தம் விருப்பை வெளிப்படுத்துவோர் உளர். அவ்வசதியை ஏற்படுத்திக் கொடுப்பதே முதலுதவியாகும். பராமரிப்பில் இரவுபகலாக உழலும் பெற்றோரைத் தனித்து விடுவதும் தகாது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அவர்களைப் பாதிக்கும் தீர்மானங்களில் சிறுவர்கள் உட்பட அவர்களையே கலந்தாலோசிக்க வேண்டுமென அதன் 4 ஆவது உறுப்புரை கூறுகின்றது. இது சலுகையன்று, அரசு ஏற்றுக்கொண்ட கடப்பாடாகும்.

அமைதியான ஓரிடம், நேரசூசி மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்தல், பதிலளிக்கச் சற்று அவகாசம் ஆகியவற்றுக்குப் பெருநிதி வேண்டியதில்லை. கல்வி அதிகாரிகளும் பாடசாலை அதிபர்களும் இவற்றைத் தாமதமின்றி நடைமுறைப்படுத்த வேண்டும். அடுத்த ஏப்ரலிலேனும் மேடையின் முதல் ஆசனம் ஓட்டிசமுடைய ஒருவருக்கு ஒதுக்கப்பட வேண்டுமென்பதே எமது வேண்டுகோளாகும்.