அசல் வேண்டும், மலிவாகவும் வேண்டும்

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழும் நண்பர்கள் தமது வட்டாரத்தில் வழமையாகப் போய்வரக்கூடிய ஒரு மெக்சிக்கோ உணவகத்தைத் தேடும்போது இரண்டு நிபந்தனைகளை விதிப்பதை அவதானித்து வருகிறேன். சாப்பாடு ‘அசல்’ மெக்சிக்கோச் சாப்பாடாக இருக்க வேண்டும் என்பது முதலாவது. மலிவாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. வெள்ளையர்கள் மாத்திரம் இப்படிக் கேட்பதாக எவரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். நம்மவர்களும் அதே தராசைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ஸ்காபரோவில் இடியப்பத்தின் விலை சில சதம் ஏறினாலே கடைக்காரருடன் தர்க்கத்தில் இறங்கும் சமூகம் நாம் என்பதால் இதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஆனால், இவ்விரு நிபந்தனைகளும் எங்கிருந்து வந்தன, யாருடைய தலையில் போய் விழுகின்றன என்பதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது.

முதலில் இந்த ‘அசல்’ என்ற சங்கதியை எடுத்துக்கொள்வோம். மெக்சிக்கோ நகரத்தின் அடையாளமாகவே மாறிவிட்ட ‘டாக்கோ அல் பாஸ்தோர்’ எப்படி வந்தது? பன்றி இறைச்சியை மசாலாவில் ஊறவைத்து, செங்குத்தான கம்பியில் அடுக்கி, சுழலவிட்டு வாட்டி, சீவியெடுத்துச் சோள ரொட்டியில் வைத்துத் தருகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லெபனானிலிருந்து சென்று குடியேறியவர்கள் கொண்டுபோன ‘ஷவர்மா’தான் இது. பூவெப்லா நகரத்தில் ‘அரபு டாக்கோ’ என்ற பெயரில் வேரூன்றி, பின்னர் இந்த வடிவத்தை எடுத்தது. கோதுமை மா ‘டோர்ட்டியா’வை அமெரிக்கக் கலப்படம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. வட மெக்சிக்கோவின் சொனோரா மாநிலத்துக்காரரிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமை அங்கே தலைமுறை தலைமுறையாக வீட்டுச் சாப்பாடு. தலையணை போன்ற பெரிய ‘புரிட்டோ’வோ சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் 1960களில் பெயர் பெற்றது, அதைச் செய்தவர்கள் மெக்சிக்கோவிலிருந்து வந்தவர்களே. இவற்றுள் எதை அசல் இல்லை என்று தள்ளுவது? இந்த அளவுகோலை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால் நிலைமை இன்னும் வேடிக்கை. மிளகாய் மெக்சிக்கோ மண்ணில் பயிராக்கப்பட்டது. போர்த்துக்கேயர் வழியாகத்தான் நமது கரைகளை வந்தடைந்தது. யாழ்ப்பாணத்து நண்டுக்கறி இந்தப் பரீட்சையில் தேறாது.

அப்படியானால் ஒரு கடைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது பரம்பரைச் சான்றிதழில் இல்லை, சோளத்தில் இருக்கிறது. மெக்சிக்கோவின் பூர்வகுடிகள் காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோல் கழுவி அரைப்பார்கள். நாம் வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான். ‘நிக்ஸ்டமால்’ எனப்படும் இந்த வேலையால்தான் மா ஒட்டும், வாசனை வரும். அத்துடன் சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் ‘நியாசின்’ என்ற உயிர்ச்சத்து உடலில் சேரும். ஐரோப்பியர் சோளத்தை மாத்திரம் எடுத்துச் சென்றார்கள். அதைச் சமைத்த பெண்களின் அறிவை அங்கேயே விட்டுச் சென்றார்கள். விளைவு, வட இத்தாலியிலும் பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் ‘பெலாக்ரா’ நோய் வாட்டியது. தோல் வெடித்தது, வயிறு கழன்றது, மனம் பேதலித்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 1914இல் ஆய்வில் இறங்கிய ஜோசப் கோல்ட்பேர்கர் என்ற மருத்துவர் இது தொற்றுநோயல்ல, உணவுக்குறைபாடு என்று நிறுவினார். குறைந்தது நியாசின்தான் என்பது 1937இல்தான் தெரியவந்தது. பொருளை வைத்துக்கொண்டு ஆட்களைத் தள்ளிவிடும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இன்று பல கடைகள், மெக்சிக்கோவிலேயே கூட, பைகளில் வரும் ஆயத்த மாவைத்தான் பயன்படுத்துகின்றன. அது குற்றமல்ல. ஆனால் உங்கள் தெருவில் ஒரு கடைக்காரர் சோளத்தைத் தானே ஊறவைத்து அரைத்து ரொட்டி தட்டுகிறார் என்றால், முதல்நாள் இரவே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். அந்தக் கடையில் ஒரு டாக்கோவுக்கு ஒரு டொலர் கூடக் கேட்டால் முகம் சுளிப்பது நியாயமா?

இங்கேதான் இரண்டாவது நிபந்தனை வருகிறது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் கிருஷ்ணேந்து ராய் 2016இல் வெளியிட்ட நூலொன்றில் இந்த விலை விவகாரத்தை ஆராய்ந்துள்ளார். பிரெஞ்சு, ஜப்பானிய உணவுகளுக்கு அள்ளிக் கொடுக்கத் தயங்காத அமெரிக்கர், மெக்சிக்கோ, சீன, இந்திய உணவுகளுக்குக் கொடுப்பது வெகு குறைவு. சமைப்பவரின் சமூகம் எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியில்தான் அவரது கறிச்சட்டியும் வைக்கப்படுகிறது. ஒஹாக்கா மாநிலத்துக் கறுப்பு ‘மோலே’யைச் செய்வதற்குப் பலவகைச் செத்தல் மிளகாய்களைத் தனித்தனியே கருக்க வேண்டும், எள்ளும் கொட்டைகளும் வறுபட வேண்டும், வாசனைச் சரக்குகளும் சொக்கலேட்டும் சேர்த்து அரைத்து, மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். எந்தப் பிரெஞ்சுக் குழம்புக்கும் உழைப்பில் இது குறைந்ததல்ல. லொஸ் ஏஞ்சல்ஸின் கொரியாடவுன் பகுதியில் 1994இல் ஒஹாக்காக் குடும்பமொன்று தொடங்கிய ‘கெலகெட்சா’ உணவகம், இந்த மோலேயை வைத்தே பெயரெடுத்து, 2015இல் ஜேம்ஸ் பியர்ட் விருதும் பெற்றது. இருந்தும், ‘மெக்சிக்கோச் சாப்பாட்டுக்கா இந்த விலை?’ என்ற கேள்வி அந்நாட்டில் இன்னும் ஓயவில்லை.

அதற்காக இச்சாப்பாட்டில் யாரும் பணம் பண்ணவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. டெக்சாஸின் சான் அந்தோனியோ நகரச் சதுக்கங்களில் மெக்சிக்கோப் பெண்கள் விளக்கொளியில் பானை வைத்து இறைச்சி மிளகாய்க் குழம்பு விற்றார்கள். ‘சில்லி ராணிகள்’ என்று அவர்களுக்குப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களைப் பார்க்கவென்றே பயணிகள் வந்தார்கள். பின்னர் சுகாதாரம் என்ற பெயரில் அவர்கள் சதுக்கத்தைவிட்டு விரட்டப்பட்டார்கள். அதே குழம்பின் தூளையும் தகரப் பேணிச் சரக்கையும் விற்ற நிறுவனங்கள் செழித்தன. 1977இல் டெக்சாஸ் சட்டமன்றம் அந்தக் குழம்பையே மாநிலத்தின் உத்தியோகபூர்வ உணவாக அறிவித்தது! சான் பெர்னார்டினோ நகரத்தில் 1937இல் தொடங்கிய ‘மித்லா கஃபே’யின் கதையும் இதைச் சேர்ந்ததே. அதற்கு எதிரே கடை வைத்திருந்த கிளென் பெல் என்பவர் அங்கே போய்ச் சாப்பிட்டு, டாக்கோ செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டார். 1962இல் அவர் தொடங்கிய ‘டாக்கோ பெல்’ இன்று உலகெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. மித்லா அதே தெருவில் நிற்கிறது. இதே சான் பெர்னார்டினோவில்தான் மெக்சிக்கோப் பிள்ளைகளைப் பொது நீச்சல் தடாகத்தில் இறங்க விடாததை எதிர்த்து வழக்காடி 1944இல் வெல்ல வேண்டியிருந்தது.

சாப்பாடு வேண்டும், சமைப்பவர் வேண்டாம் என்ற இந்தக் குணம் அண்மைக்காலத்தில் வெட்கத்தையும் விட்டுவிட்டது. 2008 ஏப்ரலில் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட சபை, டாக்கோ வண்டிகள் மணிக்கொரு தரம் இடம்மாற வேண்டும், மீறினால் ஆயிரம் டொலர் அபராதம் அல்லது ஆறுமாதச் சிறை என்று விதி கொண்டுவந்தது. ‘சுட்ட இறைச்சி குற்றமல்ல’ என்ற வாசகத்துடன் மக்கள் கிளம்பினார்கள். ஓகஸ்டில் நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளுபடி செய்தது. 2016 மே 5இல் டொனால்ட் ட்ரம்ப் டாக்கோக் கிண்ணத்துடன் படம் எடுத்து வெளியிட்டார். அதே செப்டெம்பரில் அவரது ஆதரவாளர் ஒருவர், அவரும் மெக்சிக்கோவில் பிறந்தவர்தான், இப்படியே விட்டால் ஒவ்வொரு தெருமுனையிலும் டாக்கோ வண்டி நிற்கும் என்று தொலைக்காட்சியில் எச்சரித்தார். எல்லையில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டிருந்த 2018 யூன் மாதத்தில், அதற்குப் பொறுப்பான உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளர் கிர்ஸ்டன் நீல்சன் வாஷிங்டனில் எங்கே இரவு உணவுக்கு அமர்ந்தார் தெரியுமா? ஒரு மெக்சிக்கோ உணவகத்தில். எதிர்ப்பாளர்கள் வந்து கோஷமிட, அவர் எழுந்துபோக நேர்ந்தது.

அதே 2018இல் கலிபோர்னியா மாநிலம் நடைபாதை வியாபாரம் குற்றமல்ல என்று சட்டம் செய்து சற்று மூச்சு விட வைத்தது. 2025 யூன் மாதத்தில் குடிவரவு அதிகாரிகள் லொஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் இறங்கியபோது அந்த மூச்சும் நின்றது. வண்டிகள் வெளியே வரவில்லை. ஆட்களின் தோற்றம், ஸ்பானிய மொழி அல்லது ஆங்கில உச்சரிப்பு, நிற்கும் இடம், செய்யும் தொழில் ஆகியவற்றை மாத்திரம் வைத்து ஆட்களை மறிக்கக் கூடாது என்று சமஷ்டி நீதிபதி ஒருவர் யூலையில் தடைவிதித்தார். செப்டெம்பர் 8இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. பேச்சை வைத்து ஆளை மறிப்பது என்றால் என்னவென்று கொழும்புச் சோதனைச் சாவடிகளில் நின்ற எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அத்தகைய நாட்களில் டாக்கோ அசலா, மலிவா என்று நட்சத்திரப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தவர்களை எந்தப் பெயரால் அழைப்பது?

தேடும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உணவக விமர்சனத்துக்காக முதன்முதலில் புலிட்சர் பரிசு பெற்றவர் (2007) லொஸ் ஏஞ்சல்ஸின் ஜொனதன் கோல்ட், 2018இல் காலமானார். 1980களின் தொடக்கத்தில், இருபது வயதைக் கடந்த இளைஞராக, பீக்கோ நெடுந்தெருவில் இருந்த ஒவ்வொரு கடையிலும் சாப்பிட்டுவிடுவது என்று புறப்பட்டார் அவர். பட்டியலைப் பார்த்துக் காரில் நாற்பது மைல் ஓடவில்லை. வீட்டுக்கு அருகே உள்ள தெருவை எடுத்துக்கொண்டார், கடை கடையாகப் போனார். நீங்களும் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மாநிலத்துச் சாப்பாட்டையும் பத்துப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கும் கடையைவிட, இரண்டு மூன்றை மாத்திரம் செய்யும் கடையில் முதலில் ஏறுங்கள். எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். ஆனால் எப்போது வந்தீர்கள், எப்படி வந்தீர்கள் என்று இந்நாட்களில் கேட்காதீர்கள். பேரம் பேசாதீர்கள். முடிந்தால் காசாகவே கொடுத்து, மேலதிகமாகவும் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த கிழமையும் அங்கேயே போங்கள். சனி, ஞாயிறுகளில் மாத்திரம் வைக்கும் ‘மெனூடோ’ என்ற மாட்டு இரைப்பைச் சூப்பை ஒரு தடவையாவது குடித்துப் பாருங்கள். நம்மூர்க் குடல்கறி பிடித்தவர்களுக்கு அது நிச்சயம் பிடிக்கும். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் பானை காலியாகிவிடும்.