டாஷ்போர்டில் ஏபிஎஸ் லைட் எரிகிறதா? சென்சாரை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

"வண்டி நல்லா ஓடுது, பிரேக்கும் பிடிக்குது. அப்புறம் எதுக்கு வீண் செலவு?" டாஷ்போர்டில் மஞ்சள் நிற ஏபிஎஸ் லைட் எரியும்போது பல கார் உரிமையாளர்களின் மனதில் ஓடும் கேள்வி இது. மழைக்காலத்தில் இந்த அலட்சியம் விபத்தில் முடியலாம்.

அந்த லைட் எரிய அடிக்கடி காரணமாக இருப்பது, சக்கரத்தின் அருகே இருக்கும் விரல் அளவு வீல் ஸ்பீடு சென்சார். அது பழுதானால் என்ன ஆகும்? மாற்றுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

சென்சாரின் வேலை என்ன?

ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை அளப்பதுதான் இதன் வேலை. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பல் வளையத்தை அல்லது பேரிங்கில் உள்ள காந்த வளையத்தை வைத்து வேகத்தைக் கணித்து, ஏபிஎஸ் கணினிக்குத் தகவல் அனுப்பும்.

ஈரமான சாலையில் திடீரென பிரேக்கை அழுத்தி மிதித்தால், சக்கரம் சுழலாமல் லாக் ஆகிவிடும். கார் வழுக்கிக்கொண்டே போகும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. சக்கரம் லாக் ஆகப்போவதை சென்சார் காட்டிக்கொடுத்ததும், ஏபிஎஸ் அதன் பிரேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பலமுறை தளர்த்தி, மீண்டும் கூட்டும். பிரேக்கில் கால் இருக்கும்போதே, குறுக்கே வரும் ஆளையோ மாட்டையோ விலகிச் செல்ல முடிவது இதனால்தான்.

ஒரு சென்சார் பழுதானால்?

ஒரே ஒரு சக்கரத்தின் தகவல் வராவிட்டாலும், ஏபிஎஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு லைட்டை எரியவிடும். சாதாரண பிரேக் வழக்கம்போல வேலை செய்யும். அதனால்தான் தினசரி ஓட்டத்தில் வித்தியாசம் தெரிவதில்லை. அவசரமாக பிரேக் பிடிக்கும் அந்த ஒரு நொடியில்தான் குறை தெரியவரும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி வசதி உள்ள கார்களில் அதுவும் சேர்ந்து நின்றுவிடும்.

மஞ்சள் லைட்டோடு சிவப்பு பிரேக் லைட்டும் எரிந்தால், வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல் கார்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆக்கப்பட்டது. அப்போது வாங்கிய கார்கள் இப்போது கம்பெனி வாரண்டி காலத்தைத் தாண்டிவிட்டன. பழுது பார்க்கும் செலவு இனி உரிமையாளர் கையில்.

இங்கே ஒரு இடைவெளி இருக்கிறது. டாக்சி போன்ற வாடகை வாகனங்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்ட வேண்டும். ஆனால் சொந்த கார்களுக்கு, 15 ஆண்டுகள் கழித்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போதுதான் தகுதிச் சோதனை வருகிறது. இடையில் எடுக்கும் புகைச் சான்றிதழில் பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. அதாவது, காரில் ஏபிஎஸ் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அது வேலை செய்கிறதா என்று இத்தனை ஆண்டுகளும் பார்க்க வேண்டியவர் உரிமையாளர் மட்டுமே.

உடனே சென்சாரை மாற்றலாமா?

அவசரப்பட வேண்டாம். முதலில் ஸ்கேனர் போட்டு, கணினியில் பதிவாகியுள்ள கோடைப் பார்க்க வேண்டும். உதாரணமாக, சி0035 என்று வந்தால் முன்பக்க இடது சக்கரத்தின் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். கவனிக்க, 'சர்க்யூட்'. அதில் சென்சார் மட்டுமல்ல, அதற்குப் போகும் ஒயரும் கனெக்டரும் அடங்கும். மலிவான ஸ்கேனர்கள் சில, இன்ஜின் கோளாறுகளை மட்டுமே காட்டும். ஏபிஎஸ் கோடுகளைப் படிக்காது.

மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

• டயரில் உரசியோ, எலி கடித்தோ ஒயர் அறுந்திருக்கிறதா?

• கனெக்டரில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருக்கிறதா?

• பல் வளையத்தில் சேறு, துரு, உடைசல் இருக்கிறதா?

• சமீபத்தில் பேரிங் மாற்றினீர்களா? காந்த வளையம் உள்ள பேரிங்கைத் திருப்பிப் பொருத்திவிட்டால், நல்ல சென்சாரும் எதையும் படிக்காது.

• நான்கு டயர்களும் ஒரே அளவுதானா?

இவை எல்லாம் சரியாக இருந்து, சென்சார்தான் பழுது என்று உறுதியானால் மாற்றலாம்.

மாற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பெரும்பாலான கார்களில் இதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். ஆனால் துருவேறி இறுகிப்போன சென்சாரை முரட்டுத்தனமாக இழுத்தால் உள்ளேயே உடைந்துவிடும். அது இருந்த துளையைச் சுத்தம் செய்த பிறகே புதியதைப் பொருத்த வேண்டும். ஒயரைப் பழைய கிளிப்புகளிலேயே மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயரில் உரசவில்லை என்று பார்ப்பது முக்கியம்.

வேலை முடிந்ததும் கோடை அழித்துவிட்டு, ஸ்கேனரோடு வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நேர் சாலையில் நான்கு சக்கரங்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தைக் காட்ட வேண்டும்.

அடுத்த முறை சாவியைத் திருப்பும்போது டாஷ்போர்டைக் கவனியுங்கள். ஏபிஎஸ் லைட் சில நொடிகள் எரிந்து அணைந்தால் சரி. எரியவே இல்லை என்றால் அதையும் விசாரியுங்கள். பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்; பழுதைச் சரிசெய்யாமல் லைட்டை மட்டும் யாராவது கழற்றிவிட்டிருக்கலாம்.