கூடைக்குப் புகழ், கோரைக்குத் தாகம்

கலை வாழவேண்டும் என்று முழங்குவோர் பலர். அக்கலைக்கு மூலப்பொருள் தரும் மண்ணும் நீரும் வாழவேண்டும் என்று உரைப்போர் மிகச் சிலர். முன்னையோரின் முழக்கத்திற்கு அரங்கில் கையொலி கிடைக்கிறது. பின்னையோரின் குரலோ கோப்புகளுக்குள் உறங்குகிறது. இம்முரண்பாட்டைக் காண விழைவோர், தென் ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆறு கடலோடு கலக்கும் இடத்தை நோக்குதல் போதும்.

அலெக்சாண்ட்ரினா, ஆல்பர்ட் என்னும் ஏரிகளும் கூரோங் என்னும் நீண்ட உப்பங்கழியும் சூழ்ந்த அந்நிலம், ஙாரிஞ்செரி என்னும் ஆதிக்குடிகளின் தாயகம். அங்கே ஈரம் நிறைந்த கரைகளில் ஒருவகைக் கோரை வளர்கிறது. பத்தமடைப் பாய்க்குப் பயன்படும் கோரையும் இதுவும் சைப்பரஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆதலின் தமிழறிந்தோர்க்கு இஃது முற்றிலும் அயற்செடி அன்று. அம்மக்கள் கோரையைக் கொய்து உலர்த்துவர். பின்னும் வேளையில் மீண்டும் ஈரமூட்டி இளக்குவர். தாள்களைக் கற்றையாகச் சேர்த்து, மற்றொரு தாளால் கண்ணி கண்ணியாகப் பிணைத்து, நடுவினின்று வெளிநோக்கிச் சுற்றுச் சுற்றாக வளர்ப்பர். ஒவ்வொரு சுற்றும் தனக்கு முந்திய சுற்றைப் பற்றிக்கொண்டே நிற்கும். பாயும் சுமைக்கூடையும் விலாங்குப் பொறியும் இவ்வாறே உருப்பெற்றன.

“இது வெறும் கைவேலைதானே?” என்று இதழ் பிதுக்குவோர் உளர். நீரோட்டத்தின் விசையும், மீன் இடம்பெயரும் பருவமும், கோரை முற்றும் காலமும் அறியாத ஒருவரால் விலாங்குப் பொறி செய்ய இயலுமா? அண்டை மாநிலமான விக்டோரியாவில், குண்டிச்மாரா மக்கள் ஏறத்தாழ 6,600 ஆண்டுகளுக்கு முன்னரே எரிமலைக் கற்களைக் கொண்டு கால்வாய் அமைத்து விலாங்கு வளர்த்தனர். பட்ஜ் பிம் எனப்படும் அவ்விடத்தை யுனெஸ்கோ 2019இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அக்கால்வாய்களில் விலாங்கைப் பிடித்துத் தந்தது பின்னிய கூடையே. கல்லை அடுக்கினால் பொறியியல். கோரையைப் பின்னினால் பொழுதுபோக்கு! இஃது எவ்வகை நீதி?

“அழிந்துபோன கலைக்கு இனி அருங்காட்சியகமே இடம்” என்பார் மற்றொரு சாரார். அழிந்தது என்பது பிழை. அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது என்பதே உண்மை. குடியேறியோர் நிலத்தைக் கவர்ந்தனர். 1859இல் ஏரிக்கரையில் சமயப் பணிநிலையம் எழுந்தது. பிற்காலச் சட்டங்கள் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தன. பாட்டியின் மடியில் கற்கவேண்டிய கலை, பாட்டியையே காணாத பிள்ளைக்கு எவ்வாறு வரும்? அவ்வாறிருந்தும் அது மாளவில்லை. 1980களின் தொடக்கத்தில் டோரத்தி கார்ட்டின்யேரி என்னும் மூதாட்டியிடம் இவோன் கூல்மாட்ரி இக்கலையைக் கற்றார். 1997இல் வெனிஸ் நகரின் பன்னாட்டுக் கலைவிழாவில் ஆஸ்திரேலியாவின் சார்பில் இடம்பெற்ற மூன்று ஆதிக்குடிப் பெண் கலைஞருள் அவரும் ஒருவர். ஒரு முதியவரின் விரல்களில் எஞ்சியிருந்த அறிவு, ஒரு தலைமுறைக்குள் உலக அரங்கேறிற்று. இதனையா அழிந்த கலை என்பது?

புகழ் வந்தது, நீர் வந்ததா? தென்கிழக்குப் பகுதியின் சதுப்புநிலங்களில் பெரும்பகுதி, 1860கள் முதல் வெட்டப்பட்ட வடிகால்களால் மேய்ச்சல் நிலமாயிற்று. மேற்பகுதிகளில் பாசனத்திற்காக ஆற்றுநீரை எடுக்க எடுக்க, கடல்நீர் ஏரிக்குள் ஏறிற்று. அதனைத் தடுக்க முகத்துவாரத்தருகே ஐந்து தடுப்பணைகள் 1940இல் கட்டி முடிக்கப்பட்டன. பின்னர் வந்த நெடும் வறட்சியில், 2009ஆம் ஆண்டு அலெக்சாண்ட்ரினா ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திற்கும் கீழே இறங்கியது. கரை ஓரிடத்திலும் நீர் வேறிடத்திலுமாக நின்றன. வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு மாலை சூட்டுவதே இவ்வகைக் கலைப்பற்று.

“உழவுக்கு நீர் வேண்டாமா?” என்று வினவலாம். வேண்டும், அதனை மறுப்பார் இலர். நீர் யாருக்கு எவ்வளவு என்பதே வழக்கு. மர்ரே-டார்லிங் வடிநிலத்தின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில், மக்கள்தொகையில் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர் ஆதிக்குடிகள். ஆயினும் அங்குப் பயன்பாட்டுக்குரிய மேற்பரப்பு நீரில் அவர்தம் அமைப்புகள் கொண்டிருந்த உரிமை வெறும் 0.2 விழுக்காடு என 2020இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. இதனை முன்னுணர்ந்தே அவ்வடிநிலத்து ஆதிக்குடிகள், 2007ஆம் ஆண்டின் எச்சூக்கா அறிக்கையில், தம் பண்பாடு வாழத் தமக்கெனத் தனி நீர்ப்பங்கு வேண்டும் என்று கோரினர். 2017இல் ஙாரிஞ்செரியர்தம் தாயகத்தின் ஒரு பகுதியில் அவர்களின் மரபுரிமையை நீதிமன்றம் ஏற்றது. ஆனால், நிலத்தின்மேல் உரிமை என்பது ஆற்றில் பங்கு ஆகிவிடவில்லை.

ஙாரிஞ்செரி மொழியில் நாட்டிற்கு ‘ருவே’ என்றும் உடலுக்கு ‘ருவார்’ என்றும் பெயர். சொல்லிலேயே உறவு கொண்டவை அவை. நாடு நலிந்தால் உடல் நலியும் என்பது அம்மக்களின் துணிபு. முதற்பொருள் இன்றிக் கருப்பொருள் இல்லை என்று திணையிலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இத்துணிபு விளங்காததா? அவ்வாசிரியரின் வகுப்பறையிலேனும் இம்மக்கள் ‘நாகரிகம் அறியாக் காட்டுவாசிகள்’ என்று பேசப்படாதிருத்தல் வேண்டும். கூடையின் படத்தைக் காட்டும் ஆசிரியர், அக்கோரை நின்ற கரையையும் காட்டுக. கூடையை வியக்கும் மாணவர், அக்கரைக்கு வரவேண்டிய நீர் எங்கே போயிற்று என்று வினவுக. அவ்வினாவுக்கு விடை கிடைக்கும்வரை, கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கூடை பெருமையின் சின்னம் அன்று. தீராத கடனின் சான்று.