உழவு போனபின் உம்பளாச்சேரிக்கு என்ன வேலை?

உம்பளாச்சேரி மாடு அருகி வருவதற்கு ஜெர்சி கலப்பினம்தான் காரணம் என்பது டெல்டாவில் வழக்கமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. அதில் பாதிதான் உண்மை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி, 2012-ஐ விட நாட்டில் அயல், கலப்பின மாடுகள் ஏறக்குறைய 27 சதவீதம் கூடின. நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைந்தன. ஆனால் உம்பளாச்சேரி பாலுக்காக உருவான இனமே அல்ல. நாகை மாவட்டம் தலைஞாயிறு பக்கத்து ஊரின் பெயரைத் தாங்கிய இந்த மாட்டை, சேற்றில் இறங்கி உழவும் பரம்படிக்கவும், களத்தில் பிணையல் கட்டிப் போரடிக்கவும், நெல் மூட்டை ஏற்றிய வண்டியை இழுக்கவும் கடைமடைக் குடியானவர்கள் தலைமுறைகளாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார்கள். குட்டைக் கால், இறுகிய உடம்பு. கன்று செவலையாகப் பிறக்கும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலிலும் வால் நுனியிலும் வெள்ளை. சில மாதங்களில் செவலை போய் மயிலை நிறம் வந்துவிடும். காளைக் கன்றின் கொம்புக் குருத்தைத் தீய்த்துவிடுவதால் ‘மொட்டை மாடு’ என்றும் பெயர். இன்றைய கண்ணுக்கு அது கொடுமைதான்.

அந்த வேலை அத்தனையையும் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் எடுத்துக்கொண்டன. அதற்காக விவசாயியைக் குறை சொல்வது அநியாயம். மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்போது நாற்று முற்றிக்கொண்டிருக்கும், கூலியாள் கிடைக்காது. அப்போது ஏர் பூட்டச் சொல்வதற்கு ஊருக்கு வெளியே இருப்பவர்களால்தான் முடியும். வேலையோடு தீனியும் போனது. அறுவடை இயந்திரம் வயலில் இறைத்துவிட்டுப் போகும் வைக்கோலை இன்னொரு இயந்திரம் கட்டாகச் சுருட்ட, அது லாரி ஏறிவிடுகிறது. கடலோரத்து மேய்ச்சல் தரைகளில் இறால் குட்டையும் சீமைக்கருவேலும் புகுந்துவிட்டன. வேலை இழந்த பிராணியின் கதி கோடியக்கரையில் தெரியும். என்றோ மனிதர் வளர்த்துக் கைவிட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவை அங்கே காட்டில் திரிகின்றன. வெளிமானுக்காக 1967-இல் அமைந்த சரணாலயத்தில், மானின் புல்லுக்குப் போட்டியாக வந்த பிராணி என்றுதான் அவற்றைக் கணக்கில் வைக்கிறார்கள். மாட்டுக்கு அந்தக் காட்டு வாழ்வும் வாய்க்காது. வேலை இல்லையென்றால் சந்தைதான்.

நாட்டுப் பால் என்று கூடுதல் விலை வைத்து விற்றால் இனம் பிழைக்கும் என்கிறார்கள். நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் கறக்கும் மாட்டை நம்பி எந்தக் குடும்பமும் கடன் அடைக்காது. விந்து வங்கியில் சேமித்தால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. சேமிக்கட்டும், வேண்டிய காரியம்தான். ஆனால் எந்தக் கன்றைப் பொலிகாளைக்கு நிறுத்துவது, எதைக் கழிப்பது என்று சுழியும் நடையும் பார்த்துச் சொல்லும் கண்ணை உறைகுப்பியில் வைக்க முடியாது.

இந்த மாட்டுக்கு இன்னும் மிச்சமிருக்கும் ஒரே உருப்படியான வேலை கிடை. அறுவடை முடிந்த வயலில் இரவில் மந்தையை அடைத்தால் சாணமும் மூத்திரமும் நேரே மண்ணில் இறங்கும். நிலக்காரர் கிடைக்காரருக்குக் கூலி தருவார். யூரியா மூட்டைக்கு ஆண்டுதோறும் மானியம் தரும் அரசு, கிடைக் கூலியில் ஒரு பங்கை ஏற்பதில் என்ன தடை? மண்வளத்துக்கு எது மலிவு என்று வேளாண் துறையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் 1968 முதல் இந்த இனத்துக்கென்றே அரசுப் பண்ணை இருக்கிறது. அங்கிருந்து ஊருக்கொரு பொலிகாளை தந்து, அதன் தீவனச் செலவை ஊராட்சிக் கணக்கில் சேர்த்து, எஞ்சிய மேய்ச்சல் புறம்போக்கை அளந்து கல் நடுவதுதான் முதலில் நடக்க வேண்டியது. பொங்கலுக்கு நடக்கும் அழகு மாட்டுப் போட்டியும் பரிசுக் கோப்பையும் அதற்கப்புறம் வரட்டும்.