சுதேசி மெயிலும் சிங்கப்பூர் ஓடிபியும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்களுக்கு நண்பர் ஒருவர் எழுதிய சுற்றறிக்கை என் கைக்கும் வந்தது. கடை மெயிலையும் ஆபீஸ் மென்பொருளையும் எல்லாரும் உடனே நம்மூர்க் கம்பெனியான சோஹோவுக்கு மாற்ற வேண்டுமாம். கூகுளையும் மைக்ரோசாஃப்டையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுவது துரோகமாம். மண்டகப்பட்டு குகைக் கோயிலைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் மகேந்திரவர்மன் கோயில் எடுத்தானே, அந்நியச் சரக்கு இல்லாமல் நம்மால் கடை நடத்த முடியாதா என்று கேட்கிறார். அடியில் தொடர்புக்குக் கொடுத்திருப்பது ஜிமெயில் முகவரி.

அதைச் சொல்லும் அங்குள்ள கல்வெட்டு சமஸ்கிருதத்தில் இருக்கிறது. செங்கல் அந்நியச் சரக்கு என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. நண்பர் பார்க்கத் தவறியது வேறு. பாறையைக் குடைந்தவன் விசித்திரசித்தன் என்று தன் பட்டப்பெயரையும் அதிலேயே வெட்டி வைத்தான். எடுத்தவன் யாரென்று 1,400 வருஷம் ஆகியும் சந்தேகமில்லை. நம் கடைகள் போட்டுக் கொடுக்கிற மெயில் யாருடையது என்பதில் மூன்றே வருஷத்தில் தகராறு வந்துவிடுகிறது.

என் கதையையே சொல்கிறேன். அரிசி ஆலை ஒன்றுக்கு டொமைன் வாங்கி மெயில் போட்டுக் கொடுத்தோம். பதிவு செய்த பையன் தன் சொந்த செல் நம்பரைக் கொடுத்துவிட்டான், நானும் கவனிக்கவில்லை. புதுப்பிக்கும் நாள் வந்தபோது அவன் சிங்கப்பூரில் இருந்தான். பழைய சிம் செத்துப்போயிருந்தது. ஓடிபி போய்ச் சேர இடமில்லை. ஆலைக்காரர் இரண்டு நாள் ஒவ்வொரு வியாபாரிக்கும் போன் போட்டு, "மெயில் அனுப்பாதீங்க, வாட்ஸ்அப்ல போடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். போட்டுக் கொடுத்தது சுதேசி மெயில்தான். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை, தப்பு முழுக்க என் கடையுடையது.

நண்பரின் துருப்புச் சீட்டு நயாரா எனர்ஜி. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் கம்பெனி மேல் தடை போட்டதும் மைக்ரோசாஃப்ட் அதன் மெயிலை நிறுத்தியது. குஜராத் வாடினாரில் அவ்வளவு பெரிய சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடியது, சில நாளில் சேவை திரும்பியது. பயப்பட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2018 செப்டம்பரில் சோஹோவின் டொமைனையே அமெரிக்கப் பதிவு நிறுவனம் ஒன்று, ஃபிஷிங் புகார்களைக் காரணம் காட்டி முடக்கியதே, அதை ஏன் மறைத்தார்? சோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்கும்படி ஆனது. மென்பொருள் நம்மூருடையது, பெயரின் சாவி அமெரிக்காவில் இருந்தது.

மத்திய அரசே 12 லட்சம் ஊழியர்களின் மெயிலை சோஹோவுக்கு மாற்றிவிட்டதாம். மாற்றியது உண்மை. ஆனால் முகவரியின் வால் என்ன? அதே கவ்.இன், அதே நிக்.இன். மெயிலை ஓட்டும் வேலையை வெளியே கொடுத்த அரசு, பெயரைக் கைவிடவில்லை. நண்பர் படித்திருக்க வேண்டிய பாடம் அதுதான்.

சோஹோ மெயில் ஐந்து பேர் வரை இலவசம் என்று ஆசை வேறு காட்டுகிறார். அந்த இலவசத் திட்டம் பிரவுசரிலும் அவர்களுடைய ஆப்பிலும் மட்டும்தான் திறக்கும், அவுட்லுக் போன்ற மென்பொருளில் திறக்க வேண்டிய ஐமேப் கிடையாது. வருஷக்கணக்காக அவுட்லுக்கிலேயே குடியிருக்கும் ஆடிட்டர் ஆபீஸில் அதைப் போட்டுவிட்டு வந்தால், மறுநாள் காலை வரும் போனை அவர் எடுப்பாரா? காசு கட்டும் திட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதைச் சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

இன்னொன்று. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பிறகும் நம் பக்கத்துப் பத்திர எழுத்தர்களின் கம்ப்யூட்டரில் பழைய வானவில் ஃபான்ட் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அந்த ஃபான்ட் உள்ள வேர்டில் திறந்தால் கிரையப் பத்திரம். பிரவுசரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் கலந்த குப்பை. கூகுளிலும் அதே குப்பை, சோஹோவிலும் அதே குப்பை. உட்கார்ந்து மாற்றித் தர வேண்டியது நாம்தான். சுற்றறிக்கையில் இதற்கு ஒரு வரி இல்லை.

துரோகம் என்ற சொல்லுக்கும் வருகிறேன். வாடிக்கையாளர் எதை வைத்திருக்கிறாரோ அதைப் பழுது பார்ப்பதுதான் நம் பிழைப்பு. ஒரே கம்பெனி வண்டியைத்தான் தொடுவேன் என்கிற மெக்கானிக் திண்டிவனம் பைபாஸில் எத்தனை நாள் கடை நடத்துவான்? ஐந்து பேர் உள்ள என் கடைக்கு நான் சோஹோ வைத்திருக்கிறேன், காசு கட்டி. அது எனக்குக் கட்டுப்படியாகிற கணக்கு. ஆடிட்டருக்கு வேறு கணக்கு.

அடுத்த சுற்றறிக்கைக்கு முன் நண்பர் ஒரு காரியம் செய்யட்டும். தான் மெயில் போட்டுக் கொடுத்த ஒவ்வொரு வாடிக்கையாளரின் டொமைன் கணக்கையும் திறந்து, ஓடிபி யார் செல்லுக்குப் போகிறது என்று பார்க்கட்டும். முதலாளிக்கா, அவருக்கா, வேலையை விட்டுப் போன பையனுக்கா? நான் பார்க்கத் தொடங்கிவிட்டேன். என் பட்டியலில் இன்னும் நான்கு பாக்கி.