வாரம் ஒரு அத்தியாயம் போதும், சார்!

"ஒரே மூச்சில படிச்சு முடிச்சிட்டேன்!" என்று மார்தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் உதறல். துப்பறியும் நாவல் என்றால் சரி. வாழ்க்கை வரலாற்றையுமா?

நான் பி.காம். கம்பெனி பாலன்ஸ் ஷீட்டை ஒரே மூச்சில் படித்தால் எல்லாம் சுபிட்சமாகத்தான் தெரியும். அடியில் பொடி எழுத்துக் குறிப்புகள் இருக்கிறதே, அங்கே நிறுத்திப் படித்தால்தான் வண்டவாளம் தெரியும். புத்தகமும் அப்படித்தான்.

காந்திஜியின் 'சத்திய சோதனை', 'நவஜீவன்' வாரப் பத்திரிகையில் 1925-லிருந்து 1929 வரை தொடராக வந்தது. வாசகர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்து படித்ததை, நாம் ரெண்டே ராத்திரியில் விழுங்கி ஏப்பம் விட்டால் எப்படி?

எங்கள் தெருவில் நாலைந்து பேர் ஞாயிறுதோறும் மொட்டை மாடியில் கூடி அதைப் படிக்கிறோம். வாரம் ஒரு அத்தியாயம்தான். போன மாதம் 1901-ம் வருஷக் கதை வந்தது.

காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா புறப்படுகிறார். நேட்டால் இந்தியர்கள் பரிசுகளைக் குவிக்கிறார்கள். கஸ்தூர்பாவுக்கென்று 50 கினி பெறுமான தங்க நெக்லஸ் வேறு. பொதுச்சேவைக்குக் கூலி வாங்குவதா என்று காந்திக்குத் தூக்கமில்லை. எல்லாவற்றையும் சமூகத்துக்கே டிரஸ்டாக்க முடிவு செய்கிறார். மனைவி லேசில் சம்மதிக்க மாட்டார் என்று தெரிந்து, முதலில் பிள்ளைகளைத் தன் கட்சியில் சேர்த்துக்கொள்கிறார். (வக்கீலாச்சே!)

கஸ்தூர்பா விடவில்லை. வரப்போகிற மருமகள்களுக்கு வேண்டாமா என்கிறார். ராப்பகலாய் உங்களுக்கு உழைத்தேனே, அது சேவை இல்லையா என்று மடக்குகிறார். ஆனாலும் நகைகள் டிரஸ்டுக்குத்தான் போயின.

"ஆஹா, என்ன தியாகம்!" என்று உருகினார் எங்கள் ரிடையர்டு பேங்க் அதிகாரி.

"ஒரு நிமிஷம் சார்... நெக்லஸ் யாரோடது?" என்றார் மூன்றாம் வீட்டு டீச்சர்.

"பொதுவேலைக்குக் கிடைச்சதம்மா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா நாளைக்கு யார் நம்புவாங்க?"

"நியாயம்தான். ஆனா அந்தம்மா கேட்ட கேள்விக்குப் பதில்?"

திரும்பப் படித்தோம். மனைவி சொன்னதில் சில தன்னைத் தைத்தன என்று காந்தியே எழுதியிருக்கிறார். தனக்கு எதிரான வாதத்தை ஒளிக்காமல் அச்சில் ஏற்றிய மனுஷர்! நாம்தான் அவசரத்தில் அதைத் தாண்டி ஓடிவிடுகிறோம். தனியாக, வேகமாகப் படித்தால் எழுதியவர் குரல் மட்டும்தான் காதில் விழும். நாலு பேரோடு நிதானமாகப் படித்தால், பக்கத்தில் நிற்பவர் குரலும் கேட்கும்.

நாலு பக்கத்துக்கு மூணு ஞாயிறு ஆச்சு. மூன்றாவது ஞாயிறு அதிகாரி தொண்டையைச் செருமினார். "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸுன்னு எனக்கு ஷீல்டு குடுத்தாங்க. தினம் டிபன் பாக்ஸ் கட்டினவளுக்கு எத்தனை வருஷ சர்வீஸுன்னு நேத்துதான் கணக்குப் போட்டேன்."

காபித் தட்டோடு படியேறி வந்த அவர் மனைவி சொன்னார்: "கணக்கை அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா? நான் இன்னும் ரிடையர் ஆகலையே!"

அன்று டம்ளர் கழுவியது அதிகாரி. அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.